ஐஸ் வேண்டாத மருந்து

தட்டிலிருந்த எல்லாக் குழிகளிலும் பொட்டு விழுந்திருந்தது. வெந்நீர் அக்கா தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பொட்டு பொட்டாகவே இருந்தது.

கோழிகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் பொட்டு என்றால் கெட்ட செய்தி. முட்டைக்குள் வளர்த்த வைரஸை எடுத்து, கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களோடு கலந்து, குழிகளில் விடுவார்கள். வைரஸ் இருந்தால் அது அணுக்களை ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும். குழி முழுக்க மெல்லிய சிவப்புப் பாய் விரித்தது போலிருக்கும். வைரஸ் இல்லாவிட்டால் அணுக்கள் எல்லாம் சறுக்கிக்கொண்டு அடியில் போய் ஒரே பொட்டாக உட்கார்ந்துவிடும். பல மாதங்களாக அவள் தட்டில் பாய்தான் விரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு மருந்துக்குக்கூட ஒரு பாய் இல்லை.

சற்று முன்னால்தான் தங்கை போனில் பேசியிருந்தாள்.

"அக்கா, கீழ்த்தெருவுல ரெண்டு பண்ணையில வெள்ளைக்கழிச்சல் வந்துடுச்சாம். காலையில தடுப்பு மருந்து வேன் வந்துச்சு. நாங்க ஏற்கனவே போட்டாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டோம். சாயங்காலம் இந்த வழியா ஒரு தடவை திரும்புவாங்களாம், அதோட சரியாம். எங்களுக்குத் தேவையில்லதானே?"

"தேவையே இல்ல. நீ நிம்மதியா இரு."

"பக்கத்துக் கொட்டகை அம்மாவுக்கும் தேவையில்லதானே?"

"ஒரே மருந்துதானேடி ரெண்டு பேருக்கும். எத்தனை தடவை கேப்ப?"

தங்கை சரிக்கா என்று வைத்துவிட்டாள். அந்தப் பேச்சின் தெம்போடுதான் அக்கா தட்டைப் பார்க்க வந்திருந்தாள். இப்போது அந்தத் தெம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

வெந்நீர் அக்கா என்ற பெயருக்கு அங்கே இரண்டு காரணம் சொல்வார்கள். வைரஸைச் சூடுபடுத்தும் வெந்நீர்த் தொட்டி அவள் பொறுப்பு என்பது ஒன்று. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எந்நேரமும் பறப்பாள் என்பது இன்னொன்று. இரண்டாவதை அவள் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் அங்கே குப்பை கொட்ட முடியாது. குப்பி கழுவும் வேலைக்கு வந்து, முட்டை அறைக்கு ஏறி, அங்கிருந்து தொட்டிக்கு வந்தவள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். அதனால் ஆய்வுக்கூடமானாலும் வீடானாலும் தான் சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு நினைப்பு அவளுக்கு உண்டு. கணவர் அந்த நினைப்போடு சமாதானமாகிப் பல வருஷம் ஆகிறது.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து இல்லாமலில்லை. சாதுவான வைரஸ் ஒன்றை உயிரோடு கோழிக்குக் கொடுத்துவிட்டால் கொடிய வைரஸ் வரும்போது கோழி தாங்கிக்கொள்ளும். சங்கடம் என்னவென்றால் அந்தச் சாது வைரஸ் வெயிலுக்கு ஆகாது. ஐஸ் உருகினால் மருந்தும் போச்சு, பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். வேன் போகாத தெருவிலும் மின்சாரம் நிலைக்காத வீட்டிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. ஐஸ் வேண்டாத மருந்து செய்வது என்று கிளம்பினாள் டாக்டரம்மா. அக்காவை விட வயதில் சின்னவள். ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைமை.

"வெப்ப இயக்கவியல்னு பேருதான் பயமுறுத்தும்," என்று முதல் நாள் டீ குடிக்கும்போது டாக்டரம்மா சொல்லியிருந்தாள். "வைரஸ் மேல இருக்கற புரதம் ஒவ்வொண்ணும் ஒரு தினுசா மடிஞ்சு நிக்குது அக்கா. அப்படி நிக்கறதுதான் அதுக்கு சுலபம், அதனால நிக்குது. ஆனா பிரிஞ்சு கிடக்கறதுக்கும் மடிஞ்சு நிக்கறதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். சூடு ஏறினா எல்லாம் உதற ஆரம்பிக்கும். அந்தக் கொஞ்சம் பத்தாது, மடிப்பு பிரிஞ்சிடும். பிரிஞ்சது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா திரும்ப மடியாது."

"வெந்த முட்டை பச்சை முட்டை ஆகாதுங்கறீங்க."

"அதேதான். இப்ப வைரஸ் வளரும்போது தன்னைத்தானே கோடிக்கணக்குல படியெடுக்குது. அவசரத்துல தப்பு விழும். முக்காவாசித் தப்பு மடிப்பைத் தளர்த்தும், அதெல்லாம் செத்துப் போகும். எங்கயோ ஒரு தப்பு மடிப்பை இறுக்கும். நாம சூடு வெச்சா அது மட்டும்தான் பிழைக்கும். பிழைச்சதை முட்டையில வளர்த்து, திரும்ப சூடு வெச்சு, திரும்ப வளர்த்து... சூட்டைத் தாங்கற வம்சமே வந்துடும்."

"இறுக்கிக்கிட்டே போனா?"

"அதுவும் ஆபத்துதான். கோழியோட செல்லைத் தொட்டதும் அந்தப் புரதம் வடிவம் மாறணும், அப்பதான் உள்ள போக முடியும். வெளியில இறுக்கமா இருக்கணும், நேரம் வந்தா நெகிழணும்."

"எங்க வீட்டுக்காரருக்கு முதல் பாதிதான் தெரியும்," என்றாள் அக்கா. டாக்டரம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

வேலை ஆரம்பித்தபோது சூட்டுக்குப் பிறகு ஏதோ ஒன்றிரண்டு முட்டைகளில்தான் வைரஸ் வளர்ந்தது. "டியூப்பை நல்லா குலுக்கி வைங்க அக்கா, எல்லா இடத்துலயும் சமமா சூடு ஏறட்டும்," என்றாள் டாக்டரம்மா. அக்கா குலுக்கினால் குலுக்கல். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிவிட்டுத் தொட்டியில் வைத்தாள். வெளியே எடுத்த பிறகும் அதே மாதிரி ஒரு குலுக்கு. அடுத்த சுற்றில் எல்லா முட்டையிலும் வைரஸ் வளர்ந்திருந்தது. டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறை. படிப்படியாக ஏறும் என்று எதிர்பார்த்தது ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் எத்தனை சுற்று வைத்தாலும் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதிர்ஷ்டமான தப்பு ஒன்று முதலிலேயே விழுந்துவிட்டது என்று இருவரும் நம்பினார்கள். நல்ல சேதியைத் தோண்டிப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

நோய் தங்கை ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்திலேயே இரண்டு பண்ணைகளில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. தங்கையின் கொட்டகை ஒன்று. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டகை இன்னொன்று. அந்த அம்மா தனியாளாக நின்று கோழி வளர்ப்பவள், முதலில் தயங்கினாள். அக்கா போனில் அரைமணி நேரம் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தாள். ஐஸ் வேண்டாம், துணிப்பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், சில நாள் கழித்துக் கொடுத்தாலும் வேலை செய்யும், என் கையால் செய்த மருந்து என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது தட்டில் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது.

முட்டை கெட்டுவிட்டதோ என்று பார்த்தாள். சூடு காட்டாத வைரஸை வைத்த வேறு தட்டில் பாய் அழகாக விரிந்திருந்தது, எனவே முட்டையில் குறையில்லை. தொட்டி அதிகம் கொதித்துவிட்டதோ என்று வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தாறு டிகிரி, இம்மி பிசகவில்லை. அப்புறம்தான் தொட்டிக்குள் அன்றைக்கு நின்ற வேறு டியூப்களைப் பார்த்தாள். லேபிள்கள் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தன.

லேபிள் அவளுக்கு மானப் பிரச்சினை. எப்போதோ ஒரு தடவை தொட்டித் தண்ணீர் பட்டு மை கரைந்து, எந்த டியூப் எது என்று தெரியாமல், எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து லேபிளை டியூப்பின் மேல்பாதியில் ஒட்டுவாள், தண்ணீரை லேபிளுக்குக் கீழேயே நிறுத்துவாள். உள்ளே இருக்கும் வைரஸ் திரவம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதானே இருக்கிறது, அதற்குமேல் என்ன வேண்டும்? போன வாரம்தான் கரையாத பிளாஸ்டிக் லேபிள் வந்தது. இனிக் கவலையில்லை என்று முதல் தடவையாகத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். அந்தச் சுற்றின் தட்டுதான் இது.

ஒரு டியூப்பில் தண்ணீர் விட்டு, மூடி, தன் வழக்கப்படி கவிழ்த்துக் குலுக்கி நிமிர்த்திப் பார்த்தாள். மூடிக்கு அடியிலும் கழுத்திலும் முத்து முத்தாகத் துளிகள் தொங்கின. இத்தனை மாதமும் அந்தத் துளிகள் வெந்நீருக்கு வெளியே, லேபிளின் உயரத்தில், சுகமாக உட்கார்ந்திருந்தன. சூடு முடிந்ததும் அவளே குலுக்கி அவற்றைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறாள். முட்டைகளில் வளர்ந்தது சூடே படாத அந்தத் துளிகளின் வைரஸ்தான்.

டாக்டரம்மாவின் அறைக்கு அவள் ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்து போனாள். அப்படி அவள் நடந்து பார்த்திராத டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். அக்கா தட்டையும் டியூப்பையும் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா டியூப்பைக் கையில் வாங்கி, தானும் ஒரு தடவை குலுக்கி, மூடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூட்டைத் தாங்கற வைரஸை நாம தேர்ந்தெடுக்கல அக்கா," என்றாள் கடைசியில். "மூடியில ஒட்டிக்கற துளியைத் தேர்ந்தெடுத்திருக்கோம். வைரஸ் முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. ஒரே தாவல்ல ஏறி நின்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். பரிணாமம் அப்படி லேசுல தாவாது."

"அப்போ வெயில்ல வெச்ச மருந்து?"

டாக்டரம்மா டியூப்பை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"சாயங்காலம் வேன் திரும்பிடும் டாக்டரம்மா. இப்பவே சொல்லணும்."

"ஒரே ஒரு தட்டை வெச்சு எப்படிச் சொல்றது? திரும்ப ஒரு தடவை முட்டையில வெச்சுப் பாத்துடுவோம். சில நாள்தான். உறுதியாகாம வெளியில சொன்னா இந்த வேலையே நின்னு போயிடும்."

"உறுதியாகாமத்தானே ஐஸ் வேணாம்னு சொன்னோம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று அக்காவுக்கு உறைத்தது. டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு போனை எடுத்து, வேனோடு போகும் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டாள். அந்த இரண்டு கொட்டகைகளுக்கும் மருந்து ஒதுக்கி வைக்கச் சொல்லி, ஏன் என்று அவர் கேட்டதற்கு, "எங்க மருந்து வேலை செய்யாம இருக்கலாம்," என்று குரல் நடுங்காமல் சொன்னாள். வைத்ததும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். "நீங்க போங்க அக்கா. குளிச்சு, துணி மாத்திட்டுப் போங்க. கொட்டகைக்குள்ள கால் வெக்காதீங்க."

குளித்து முடித்துத் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. செருப்பையும் போனையும் வெளியே விட்டுவிட்டுத்தான் கோழிகளிடம் போக வேண்டும் என்று தங்கைக்குப் பாடம் நடத்தியது அவள்தான். அவள் நேரம், தங்கை இன்றைக்குப் பார்த்துச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகை அம்மாவின் எண்ணும் எடுபடவில்லை.

பஸ் ஊர்ந்தது. ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு, டிரைவர் தண்ணீர் குடித்து, பஸ் மறுபடி ஊர்ந்தது. அக்கா முன் கம்பியைப் பிடித்தபடி சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தங்கைக்கு அந்தக் கொட்டகையைத் தவிர வேறு பிழைப்பில்லை. கோழி போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். மருந்தே கொடுக்காமலிருந்தால் காலையில் வேனிலிருந்து வாங்கியிருப்பாள், தன்னால்தான் அதுவும் போயிற்று என்று மனசு போட்டு அடித்தது.

பண்ணை வாசலில் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. அக்கா அதைத் தாண்டவில்லை. உயிருள்ள வைரஸைக் கையாளுகிறவர்கள் கோழிகளிடம் போகக் கூடாதென்பது ஆய்வுக்கூடத்துச் சட்டம், அதனால் தங்கையின் கொட்டகைக்குள் அவள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கத்தினாள். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் கோழிகள் சளசளவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"வேன் போயிடுச்சா?"

"இன்னும் வரல. என்னக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து..."

"வந்தா நிறுத்து. எல்லாக் கோழிக்கும் போடச் சொல்லு. நான் கொடுத்த மருந்து சரியில்ல. சூட்டைத் தாங்காது. உன் கோழிக்குப் பாதுகாப்பே இல்லடி, நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்."

தங்கை திடுக்கிடவில்லை. தரையைப் பார்த்தாள், பிறகு பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தாள்.

"என் கோழிக்கு ஒண்ணும் ஆகாதுக்கா," என்றாள் மெல்ல.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஐஸ்லதான் வெச்சிருந்தேன். வாங்கின நிமிஷத்துலேர்ந்து, கோழிக்குக் கொடுக்கற வரைக்கும். நீ என்னதான் சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பல. சொன்னா நீ கோவிச்சுக்குவியோன்னு சொல்லல."

முதலில் அக்காவுக்கு வந்தது சந்தோஷம்தான், மூச்சு முட்டும் சந்தோஷம். தங்கை தப்பித்தாள். அதன் பின்னாலேயே நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. தூக்கி வளர்த்த பிள்ளை, அத்தனை தடவை சரிக்கா சரிக்கா என்று தலையாட்டியவள், ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அந்த வலியை முழுசாகப் பட்டுத் தீர்ப்பதற்குள் காலையில் வந்த போன் ஞாபகம் வந்தது. தங்கை இரண்டாவதாகக் கேட்ட கேள்வி இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது.

"பக்கத்துல?"

"அவங்க நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சாங்க."

"நீ ஐஸ்ல வெச்சதை அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்லுவேன்? உன் தங்கச்சியே உன்னை நம்பலைன்னு ஆயிடாதா? உன் பேரைக் கெடுக்க வேணாம்னுதான்..." தங்கை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதனாலதான் காலையில உன்கிட்டயே கேட்டேன்."

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொட்டகை அம்மா வேலியோரம் வந்தாள். கையில் தீவனக் கிண்ணம் நிரம்பியபடியே இருந்தது. அவள் பின்னால் கொட்டகை இருந்தது, ஆனால் சத்தமில்லை. இத்தனை கோழி இருக்கும் இடத்தில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதான் மருந்து செய்யற அக்காவா? போன்ல பேசின குரல் அப்படியே இருக்கு," என்றாள் அவள் மரியாதையாக. "நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு மூணு நாளா கோழிங்க தீனி எடுக்காம மூலையில நிக்குதுங்க. வெயில்னு விட்டுட்டேன். காலையில சிலதுக்குக் கழுத்து திருகிக்கிச்சு. அப்பவும் அதுவா இருக்காதுன்னுதான் நெனச்சேன், நாமதான் மருந்து போட்டாச்சேன்னு வேனைக்கூட அனுப்பிட்டேன்."

அக்கா அவள் கையிலிருந்த தீவனக் கிண்ணத்தையே பார்த்தாள். அந்த அம்மா அவள் முகத்தைப் படித்தாள். குரல் இறங்கிற்று.

"மருந்துப் பையை வாசல் ஆணியில மாட்டியிருந்தேன். எங்க வேணா வெக்கலாம்னு சொன்னீங்க. மதியத்துல அங்க நல்லா வெயில் அடிக்கும். நான்தான் தப்பு பண்ணிட்டேனாக்கா?"

"இல்லம்மா. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. நான் செஞ்ச மருந்துதான் தப்பு. வெயிலைத் தாங்கும்னு நான் சொன்னது பொய்யாப் போச்சு. இன்னும் நல்லா நிக்கற கோழி இருந்தா உடனே தனியா பிரிச்சுடுங்க, வேன்ல மருந்து ஒதுக்கச் சொல்லியிருக்கு."

அந்த அம்மா தலையை ஆட்டினாள், ஆனால் நகரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் சளசளத்துக்கொண்டிருந்த கோழிகளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"அப்போ தங்கச்சி கோழி மட்டும் எப்படி நல்லா இருக்கு? ரெண்டு பேரும் ஒரே மருந்துதானே வாங்கினோம்?"

தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள், சொல்லிவிடாதே என்கிற மாதிரி. சொல்வதற்கு வேறு பேச்சும் அக்காவிடம் இருந்தது. புரதம், மடிப்பு, துளி, மூடி என்று ஒரு மணி நேரம் பேசினாலும் அந்த அம்மா நின்று கேட்டிருப்பாள், நம்பியும் இருப்பாள். அக்கா தங்கையின் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவ நான் சொன்னதைக் கேக்கல," என்றாள். "நீங்க கேட்டீங்க."